ஆட்டுக்குட்டிக்குக் குரல் கொடுத்தவள்

பாஸ்போர்ட் இருந்த ஒரே காரணத்துக்காகத்தான் என்னை ஆட்டுக்குட்டி ஆக்கினார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். கோடை விடுமுறைக்கு அழைத்துக்கொள்வதாகச் சொல்லி எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் எடுக்க வைத்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு கோடைகள் வந்து போயின. பாஸ்போர்ட் மட்டும் பீரோவில் சேலைகளுக்கு அடியில், ஒரு முத்திரைகூட விழாமல், பாச்சை உருண்டை வாசனையோடு கிடந்தது.

காரைக்குடியில் எங்கள் சபைக்கு ஒரு பொம்மலாட்டக் குழு இருந்தது. குழு என்றால் மூன்றே பேர்: சித்தி, சித்தப்பா, பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஓர் அக்கா. சித்தி பள்ளிக்கூட ஆசிரியை. பொம்மைகளைத் தைப்பது, கதை எழுதுவது, மற்ற இருவரையும் அதட்டுவது எல்லாம் அவள் வேலை. சித்தப்பா தண்ணீர்க் குழாய் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்ததால் மேடைச் சட்டம் பிளாஸ்டிக் குழாய்களால் ஆனது. பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். தேவகோட்டை, நாச்சியாபுரம் என்று விடுமுறை நாட்களில் போய்க் கதை காட்டிவிட்டு, கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு வருவார்கள்.

அவர்களை இலங்கைக்கு அழைத்தவர் அங்கே வடக்கே ஒரு கிராமத்தில் இருந்த போதகர். சிகிச்சைக்காக மதுரை வந்தவர், எங்கள் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதைக் காட்ட வேண்டும் என்று சொல்லிப் போனார். அங்கே போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இந்த விவரம் எனக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும், போர் என்றால் முடிந்தவுடன் கொடியை மடித்து வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்திருப்பேன்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அந்த அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது. ஆட்டுக்குட்டிக்குக் குரல் கொடுக்க வேறு ஆள் வேண்டும். பாஸ்போர்ட்டும் இருக்க வேண்டும். சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, அம்மா மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று ஜெபம் செய்துகொண்டிருந்தேன். நாய்க்குப் பயம், பல்லிக்குப் பயம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரப் பயம் என்று வளர்ந்தவள் நான். அம்மா சரி என்றுவிட்டாள்.

"சித்தி கையை விட்டுராத. அங்குட்டு யாரு என்ன கேட்டாலும் சித்திதான் பதில் சொல்லணும், நீ வாயத் திறக்கக் கூடாது" என்பதுதான் அம்மா எனக்குச் சொன்ன ஒரே புத்தி. வாயைத் திறப்பதற்காகத்தான் என்னை அழைத்துப் போகிறார்கள் என்பதை அவள் மறந்துபோனாள்.

திருச்சியில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ஒரு வேனில் நாள் முழுக்க வடக்கே போனோம். விமானத்தில் நான் கண்ணைத் திறக்கவே இல்லை. வேனில் திறந்துதான் ஆக வேண்டியிருந்தது, ஏனென்றால் மூடினால் வாந்தி வந்தது. ஓரிடத்தில் வண்டியை நிறுத்திச் சோதனை போட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த இளைஞன் ஒருவன் எங்கள் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த ஆட்டுக்குட்டியை எடுத்தான். சித்தி அதை வெள்ளைக் குளியல் துண்டில் தைத்து, கோட்டுப் பொத்தான்களைக் கண்ணாக வைத்திருந்தாள். அவன் அதற்குள் கையை விட்டு என்னைப் பார்த்துத் தலையாட்ட வைத்தான். என்னைச் சிரிக்க வைக்கத்தான் பார்த்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது, ஆட்டுக்குட்டியைத் தரமாட்டான் என்றும், என்னையும் பிடித்து வைத்துக்கொள்வான் என்றும் முடிவு செய்து சித்தியின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அடுத்து அவன் எடுத்தது இடித் தகடு. பழைய எண்ணெய் டின்னைப் பிரித்துத் தட்டி நிமிர்த்திய தகரம். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினால் அசல் இடி போல இருக்கும். அது என்ன என்று அவன் சைகையில் கேட்டான். சித்தி வானத்தைக் காட்டி, கன்னத்தை உப்பி, 'டமடம' என்றாள். அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டு, தகரத்தை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து, போகலாம் என்று கையைக் காட்டினான்.

அதற்கப்புறம் சாலையின் இரண்டு பக்கமும் சிவப்புப் பலகைகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு மண்டை ஓடு. தமிழிலும் எழுதியிருந்ததால் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: மிதிவெடி. சித்தப்பாவிடம் அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அவர், "ரோட்ட விட்டுக் கீழ இறங்கக் கூடாதுன்னு அர்த்தம்" என்றார்.

அன்று முழுவதும் நான் ரோட்டை விட்டுக் கீழே இறங்கவில்லை. ஒன்றுக்குக்கூடப் போகவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த கிராமத்தில் போதகரின் கோயிலுக்கு அப்போதுதான் புதிதாகக் கூரை போட்டிருந்தார்கள். சுவர்கள் இடுப்பளவுதான் எழும்பியிருந்தன. பின்பக்கம் பத்தடி முற்றம். அதற்கப்பால் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நாடாவுக்கு அந்தப் பக்கம் மொட்டைப் பனைகளும், முழங்கால் அளவு புல்லும், அதே சிவப்புப் பலகையும். மிதிவெடி எடுப்பவர்கள் சாலை ஓரம்வரை வந்திருக்கிறார்கள், அங்கே இன்னும் எடுக்கவில்லை என்று அந்த ஊர் ஆசிரியை சொன்னார். பிள்ளைகள் அவரை ரீச்சர் என்று கூப்பிட்டார்கள். ஒல்லியாக, நரைத்த தலையோடு இருந்தார். என் கையைப் பிடித்து நாடாவரை கூட்டிப் போய், "இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, என்ன பிள்ளை?" என்றார். தாண்டுவது இருக்கட்டும், அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குக் கால் கூசியது.

மறுநாள் காலையில் மழை பெய்து விட்டிருந்தது. பத்து மணிக்கு ஆட்டம். நாற்பது ஐம்பது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் என்றால் அவ்வளவு பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைக்க இரண்டு பேர் பிரம்போடு நிற்க வேண்டும். இங்கே யாரும் யாரையும் கிள்ளவில்லை. அந்த அமைதி எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. வசனம் மறந்துவிட்டால் இத்தனை பேருக்கும் தெரிந்துவிடுமே.

கதை சின்னதுதான். ஒரு மேய்ப்பனிடம் நிறைய ஆடுகள். அதில் ஒரு குட்டி புல்லைத் தேடி வழி தவறிப் போகிறது. மேகம் கூடுகிறது, இடி இடிக்கிறது, குட்டி பயந்து ஒரு புதரில் ஒளிகிறது. மேய்ப்பன் விளக்கை எடுத்துக்கொண்டு தேடி வந்து தோளில் தூக்கிப் போகிறான். சித்தப்பா மேய்ப்பன், சித்தி மற்ற ஆடுகளும் மேகமும், நான் குட்டியும் இடியும்.

திரைக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்தால் எதிரே இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். சத்தம் மட்டும்தான் கேட்கும். குட்டி துள்ளிக் குதித்தபோது பிள்ளைகள் சிரித்தது கேட்டது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சித்தி கறுப்பு மேகத்தைத் தூக்கியதும் நான் குட்டி மாட்டிய கையோடே தகரத்தைப் பிடித்து, காரைக்குடியில் பழகியதைவிட இரண்டு பங்கு பலமாக உலுக்கினேன். புதுத் தகரக் கூரை அந்தச் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிப் போட்டது. நானே அதிர்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நாச்சியாபுரத்தில் இந்த இடத்தில் பிள்ளைகள் 'ஓ' என்று கூச்சல் போடுவார்கள் என்று சித்தி சொல்லியிருந்தாள். நான் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன்.

பாயில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் குப்புறப் படுத்திருந்தார்கள். கைகளால் காதை மூடி, முழங்கைகளை ஊன்றி, எல்லோரும் ஒரே மாதிரி. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் மேல் படுத்திருந்தார்கள். யாரும் அழவில்லை. நான் என்னவோ செய்துவிட்டேன், இவர்கள் எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. தகரம். வெறும் தகரம்" என்று ரீச்சர் ஒவ்வொரு முதுகாகத் தொட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு தலையாக எழுந்தது. அவர் எண்ணிக்கொண்டே வந்து கடைசிப் பாயில் நின்றார். பிறகு இடுப்பளவுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

நாடாவுக்கு அந்தப் பக்கம், புல்லுக்குள், ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். ஏழு வயதிருக்கும். இரட்டைச் சடை. நாடாவிலிருந்து இருபதடிக்கு மேல் போயிருந்தாள். பனையின் அடியில் காதைப் பொத்திக் குனிந்திருந்தாள்.

பெரியவர்கள் எல்லோரும் நாடாவரை ஓடி அங்கேயே நின்றுவிட்டார்கள். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "சத்தம் போட வேண்டாம்" என்று ரீச்சர் கையை உயர்த்தினார். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நாடாவைத் தூக்கினார். சித்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்ன செய்றீக? எங்குட்டுப் போறீக?" என்றாள். ரீச்சரும் வேண்டாம் என்றார். பிள்ளை போன தடத்தில் பிள்ளைதான் திரும்ப வேண்டும், பெரியவர்கள் காலுக்கு அந்தத் தடம் போதாது என்றார்.

"தர்ஷினி, மோளே, வந்த அடியிலயே திரும்பி வா" என்று அவர் எவ்வளவோ மெதுவாகச் சொன்னார். அவள் யாருடைய குரலுக்கும் நிமிரவில்லை.

பின்னாலேயே ஓடி வந்திருந்த என் வலது கையில் ஆட்டுக்குட்டி இன்னும் இருந்தது. ரீச்சர் திரும்பி அதைப் பார்த்தார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்து, "நீ கூப்பிடுறியா பிள்ளை? அந்தக் குட்டியிட குரலில" என்றார்.

அவள் வெடித்துப் போவாள், அதை நான் பார்ப்பேன், இடி அடித்தது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும், என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள் என்று வரிசையாகத் தோன்றியது. சித்தி என் முதுகில் கையை வைத்தாள். நான் ஆட்டுக்குட்டியை நாடாவுக்கு மேலே தூக்கி, "மே" என்றேன். பாதிக் குரல்தான் வந்தது. மறுபடியும், "மே" என்றேன்.

அவள் தலையைத் தூக்கினாள்.

"இடி முடிஞ்சுதோ?" என்று ஆட்டுக்குட்டியிடம் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு" என்றது ஆட்டுக்குட்டி.

"இனி அடிக்காதோ?"

"அடிக்காது. நான் சொல்றேன்ல."

அவள் எழுந்து நின்று கீழே பார்த்தாள். மழை ஈரத்தில் அவள் கால் தடங்கள் பதிந்திருந்தன. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாவாடையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, முதல் தடத்தில் ஒரு காலை வைத்து, அது சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, பிறகு மறு காலைத் தூக்கினாள். கோலத்தில் கால் படாமல் நடப்பவள் மாதிரி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நின்று ஆட்டுக்குட்டியைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நான் "மே" என்றேன். நடுவில் ஓரிடத்தில் புல் அடர்த்தியாக இருந்து தடம் மறைந்துவிட்டது. அவள் ஒற்றைக் காலில் நின்றாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று எனக்குத் தெரியாது. அவள் குனிந்து, கையால் புல்லை விலக்காமல், தலையை மட்டும் சாய்த்து, தன் குதிகால் குழியைக் கண்டுபிடித்தாள்.

நாடாவை எட்டியதும் ரீச்சர் அவளை அள்ளித் தூக்கி, முதுகில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கால் வழியே சூடாக இறங்கியது. பாவாடை நனைந்ததை யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிடலாம் என்றாள் சித்தி. பிள்ளைகள்தான் விடவில்லை. குட்டி கிடைத்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ரீச்சரும், "முடிச்சுக் காட்டுங்கோ. இல்லாட்டி இரவைக்கு நித்திரை கொள்ளாயினம்" என்றார். சித்தி எனக்கு வேறு பாவாடை மாற்றிவிட்டு, தகரத்தைப் பாயில் சுற்றி வேனுக்குள் வைத்தாள். இடி இல்லாமல் மேகம் வந்தது. குட்டி ஒளிந்தது. மேய்ப்பன் விளக்கோடு வந்து தூக்கிக்கொண்டான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கதை முடிந்ததும் மேய்ப்பன் திரைக்கு மேலே எழும்பி, பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "ஒங்க வீட்ல எதுவும் காணாமப் போயிருந்தா சொல்லுங்க, நான் தேடித் தாரேன்" என்பான். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ரப்பர், செருப்பு, கிரிக்கெட் பந்து என்று கத்துவார்கள். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி, "சரி, தேடித் தாரேன்" என்று முடிப்பார். அன்றும் கேட்டார். பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

ஒரு பையன் கோழி என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவன் சைக்கிள் என்றான்.

"என்ர அண்ணா" என்றது ஒரு குரல். எட்டிப் பார்த்தேன். தர்ஷினி முன் பாய்க்கு வந்து நின்றிருந்தாள்.

"அண்ணன் எங்குட்டுப் போனாக?" என்றார் சித்தப்பா, மேய்ப்பனின் குரல் மாறாமலே.

"தண்ணி அள்ளப் போனவர். நீலக் காற்சட்டை. பேர் சுதன்."

அவளுக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை எழுந்து நின்றது. "அப்பா" என்றது. அதன் பின்னால் இன்னொன்று. ரீச்சர் சொல்லாமலே, தண்ணீர்க் குழாயடியில் நிற்பதுபோல் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். சின்னம்மா. பெரியக்கா. அப்பா. பெயரைச் சொன்னார்கள், என்ன உடுப்பு என்று சொன்னார்கள், அவசரப்படாமல் சொல்லிவிட்டு மேய்ப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இவர்களுக்கு விளையாட்டே தெரியவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. சித்தப்பாவின் கை மேய்ப்பனுக்குள் அப்படியே நின்றுவிட்டது. அவர் கண்ணை மூடியிருந்தார். வசனத்தை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஏற்கெனவே ஒரு தடவை ஆட்டம் நின்றது என்னால்தான். இன்னொரு தடவை நிற்கக் கூடாது. "தேடித் தாரேன்னு சொல்லுங்க சித்தப்பா" என்று அவர் காதில் கிசுகிசுத்தேன். "சொல்லுங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார், மாட்டேன் என்று.

நான் ஆட்டுக்குட்டியைத் தூக்கினேன். "தேடித் தருவாரு" என்றேன், குட்டியின் குரலில், நல்ல சத்தமாக. "எல்லாரையும் தேடித் தருவாரு."

சித்தி என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வலிக்கிற மாதிரி இழுத்தாள். திரைக்கு அப்பால் பிள்ளைகள் சரி என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவராகப் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார்கள்.

சாமான்களை ஏற்றும்போது சித்தப்பா குழாய்களைக் கழற்றினார், கட்டினார், ஒன்றை இரண்டு தடவை கழற்றினார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். ஆட்டத்தை இரண்டு முறை காப்பாற்றியவள் நான். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால், ஏதோ தப்புச் செய்திருக்கிறேன், அது எது என்று சொல்லாமல் ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்லப்போகிறார்கள் என்று பயம் பிடித்துக்கொண்டது.

வேன் கிளம்பும் நேரத்தில் தர்ஷினி ஜன்னலுக்கு வந்தாள். கையில் நான்காக மடித்த நோட்டுப் புத்தகத் தாள். அதை என்னிடம் தரவில்லை. ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்டாள். நான் அதைக் கையில் மாட்டிக்கொண்டதும் அதன் வாயில் தாளைச் செருகினாள்.

"நாங்கள் அடுத்த மாசம் வேற வீட்டுக்குப் போறம். அண்ணாக்கு அந்த இடம் தெரியாது. விலாசம் எழுதியிருக்கிறன். கண்டுபிடிச்சா அங்க கூட்டிக்கொண்டு வரச் சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

தாளைப் பத்திரமாக ஜாமெட்ரி பெட்டிக்குள் வைத்தேன். கொழும்பு வரும்வரை அதை நான்கு முறை திறந்து பார்த்தேன். பென்சில் எழுத்து. இரண்டிடத்தில் அழித்துத் திருத்தியிருந்தாள். சித்தியிடம் காட்டியபோது அவள் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இத ஏன்டி வாங்குன?" என்று மட்டும் கேட்டாள், கோபமில்லாமல். கொடுத்தாள், வாங்கினேன் என்றேன். இதில் என்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை.

விமானம் ஏறும்போது எனக்கு விமானத்தைப் பற்றிய பயமே இல்லை. வேறு பயம் வந்திருந்தது. மேய்ப்பன் பொம்மை சித்தப்பாவின் பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியை எங்களிடமிருந்து வாங்கிச் சாமான்களோடு அனுப்பிவிட்டார்கள். திருச்சியில் இறங்கியதும் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். வீட்டுக்குப் போனால் தூங்கிவிடுவேன், மறுநாள் பள்ளிக்கூடம். அதற்குள் மேய்ப்பனிடம் தாளைக் கொடுக்க மறந்துவிட்டால், அவர் சுதனைப் பழைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரே என்று ஜாமெட்ரி பெட்டியை மடியில் வைத்து, திருச்சி வரும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.